எந்தப் பணிமேடை, எந்த லினக்ஸ்?

"லினக்ஸுக்கு மாறலாம் என்றிருக்கிறேன், எதைப் போடட்டும்?" மென்பொருள் துறையில் இருப்பவனிடம் நண்பர்களும் உறவினர்களும் கேட்கும் கேள்வி இது. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை நிறுத்திக்கொண்ட பிறகு அடிக்கடி கேட்கிறார்கள். விசைப்பலகை தேயவில்லை, திரையில் கீறல் இல்லை, ஆனால் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. அப்படிப்பட்ட மடிக்கணினிகள் பல வீடுகளில் இருக்கின்றன.

கேட்பவர்கள் ஒரே ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். உபுண்டு என்றோ ஃபெடோரா என்றோ சொல்லிவிட்டால் திருப்தியாகப் போய்விடுவார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை. "முதலில் பணிமேடையைத் தேர்ந்தெடுங்கள், வழங்கலைப் பிறகு பார்க்கலாம்" என்கிறேன். இந்த வரிசையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமா.

மாமாவின் மடிக்கணினி

அம்மாவின் தம்பி. ஓய்வு பெற்றவர். தாத்தா கைப்பட எழுதிய நாட்குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடிப்பார். அவருடைய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவித் தருகிறேன் என்று நானாகத்தான் முன்வந்தேன். எனக்குப் பிடித்த ஒரு வழங்கலை, எனக்குப் பிடித்த பணிமேடையுடன் போட்டுக் கொடுத்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். தவறு அதனுடையது அல்ல, என்னுடையது.

மறுநாளே தொலைபேசியில் கூப்பிட்டார். "என்னடா இது, கீழே பட்டையே இல்லை. சாளரத்தை இறக்கிவைக்கிற பொத்தானையும் காணோம். திறந்து வைத்த கடிதம் எங்கே போச்சு?" அவருக்குப் பழகிய மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று, அதே வழங்கலின் மேல் இரண்டாவதாக ஒரு பணிமேடையை நிறுவினேன். கோப்பு மேலாளர் இரண்டு, உரைத்தொகுப்பான் இரண்டு, அமைப்புகளுக்கான செயலி இரண்டு என்று எல்லாம் இரட்டையாகிவிட்டது. தமிழ் உள்ளீடு ஒரு செயலியில் வேலை செய்தது, இன்னொன்றில் ஆங்கில எழுத்தாக விழுந்தது.

மாமா அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து அத்தைதான் போகிற போக்கில் சொன்னார்: "அவர் அந்த டைப்பிங்கை விட்டுட்டார்ப்பா. உன்கிட்டே சொன்னா வருத்தப்படுவேன்னு பேசாம இருக்கார்."

பணிமேடை என்பது எது?

லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் பல அடுக்குகள் கொண்டது. அடியில் இருப்பது கெர்னல். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது எழுதத் தொடங்கியது அதைத்தான். அதற்கு மேலே, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள். அதற்கும் மேலே, திரையில் படம் வரையும் பொறுப்பு எக்ஸ் அல்லது வேலண்ட் என்ற அடுக்குக்கு உரியது. இவை அனைத்துக்கும் மேலே, நம் கண்ணில் படுவதும் கையில் படுவதும்தான் டெஸ்க்டாப் எனப்படும் பணிமேடை. சாளரங்களை நகர்த்தும் நிரல், பட்டைகள், பட்டியல்கள், கோப்பு மேலாளர், அமைப்புகள், கடவுச்சொல் பெட்டி எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு அது.

வழங்கல் என்பது இந்த அடுக்குகளைத் தேர்ந்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, பொதிகளாகக் கட்டி, பாதுகாப்புத் திருத்தங்களோடு நம்மிடம் சேர்ப்பது. டெபியன், ஃபெடோரா, ஓப்பன்சூசே, உபுண்டு எல்லாம் வழங்கல்கள். க்னோம், கேடிஈ பிளாஸ்மா, சின்னமன், எக்ஸ்எஃப்சிஈ எல்லாம் பணிமேடைகள். விண்டோஸில் இந்த இரண்டும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பதால், புதிதாக வருபவர்களுக்கு இந்த வேறுபாடு பிடிபடச் சற்று நேரமாகும்.

ஏன் இத்தனை பணிமேடைகள்?

1996 அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். லினக்ஸில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தான் நம்பிக்கொண்டிருந்ததாகவும், தோழியின் கணினியை அமைத்துக் கொடுத்தபோதுதான் அந்த நம்பிக்கை போனதாகவும் அதில் குறிப்பிட்டிருந்தார். ஒவ்வொரு செயலியிலும் பட்டியல் ஒரு விதம், உருள்பட்டை ஒரு விதம். பழகிய அவர் கண்ணுக்கு அந்த வேறுபாடுகள் தெரியாமலே போயிருந்தன. சாதாரணப் பயனருக்கான ஒரே சீரான பணிமேடை வேண்டும் என்று அவர் தொடங்கியதே கேடிஈ. மாமாவின் முன்னால் நான் நின்ற அதே இடத்தில் அவரும் நின்றிருக்கிறார். அவர் ஒரு பணிமேடையைத் தொடங்கினார், நான் இன்னொன்றை நிறுவிக் குழப்பினேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

கேடிஈ கட்டப்பட்டது நார்வேயைச் சேர்ந்த ட்ரோல்டெக் நிறுவனத்தின் க்யூட்டி என்ற நிரலகத்தின் மீது. அதன் அன்றைய உரிமம் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர் ஏற்றுக்கொள்ளக் கூடியதாக இல்லை. ஆகவே 1997 ஆகஸ்டில் மிகெல் தெ இகாசா, ஃபெடரிகோ மேனா என்ற இரு மெக்சிகோ இளைஞர்கள் க்னோம் திட்டத்தை அறிவித்தார்கள். அது கிம்ப் என்ற படத்தொகுப்புச் செயலிக்காக எழுதப்பட்ட ஜிடிகே நிரலகத்தின் மீது அமைந்தது. 2000-இல் க்யூட்டி, ஜிபிஎல் உரிமத்தின் கீழும் கிடைத்ததால் உரிமச் சண்டை முடிந்தது. ஆனால் அதற்குள் இரண்டு குடும்பங்கள் உருவாகிவிட்டன. இன்றும் லினக்ஸ் பணிமேடைகளில் பெரும்பாலானவை ஜிடிகே குடும்பம் அல்லது க்யூட்டி குடும்பம்தான்.

அடுத்த பிளவு 2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3-ஆல் ஏற்பட்டது. பழைய பட்டைகளையும் பட்டியல்களையும் அது எடுத்துவிட்டது. பழையது போதும் என்றவர்கள் க்னோம் 2-இன் நிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழுவினர் க்னோம் 3-இன் நுட்பத்தை வைத்துக்கொண்டு பழைய தோற்றத்தில் சின்னமனை உருவாக்கினார்கள். உபுண்டுவோ அதே 2011-இல் யூனிட்டி என்ற தன் சொந்த முகத்துக்குப் போய், 2017 அக்டோபரில் க்னோமுக்கே திரும்பி வந்தது.

எல்லாவற்றிலும் எல்லாம் கிடைக்குமே!

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்பலாம். எந்த வழங்கலிலும் எந்தப் பணிமேடையையும் ஒரு கட்டளையில் நிறுவலாமே, பிறகு பொருத்தம் பார்ப்பது எதற்கு? நிறுவ முடியும் என்பது உண்மை. ஆனால் கீழ்க்காணும் நான்கு காரணங்களால் பொருத்தம் பார்க்கத்தான் வேண்டும்.

முதலாவது, சோதனை. ஒரு வழங்கலின் இயல்பான பணிமேடையைத்தான் அதன் குழுவினர் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலான பயனர்களும் அதைத்தான். பிழைகள் முதலில் அங்கேதான் கண்ணில் படும், முதலில் திருத்தப்படும். ஓரமாக வைக்கப்பட்ட பணிமேடையின் பிழைகள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வயது. பணிமேடைக்கும் வழங்கலுக்கும் தனித்தனி நாள்காட்டிகள். க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பைத் தருகிறது. எக்ஸ்எஃப்சிஈ நிதானமானது, 4.16, 4.18, 4.20 ஆகிய பதிப்புகள் 2020, 2022, 2024 டிசம்பர்களில் வந்தன. டெபியனின் நிலையான பதிப்பு சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் க்னோம் 48-உம் பிளாஸ்மா 6.3-உம் உள்ளன. அடுத்த டெபியன் வரும்வரை பெரிய மாற்றம் இராது. நிதானமான எக்ஸ்எஃப்சிஈக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. அடிக்கடி புதிய வசதிகளைச் சேர்க்கும் பிளாஸ்மாவை விரும்புபவருக்கு அது நீண்ட காத்திருப்பு.

மூன்றாவது, ஆதரவுக் காலம். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகின்றன. க்னோம் கொண்ட முதன்மைப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு. அதே 24.04-இன் சகோதரர்களான குபுண்டு, சுபுண்டு, லுபுண்டு ஆகியவற்றுக்கு மூன்று ஆண்டுதான். அடித்தளம் ஒன்றே என்றாலும் பணிமேடை மாறும்போது ஆயுள் குறைகிறது.

நான்காவது, விலகல். குடும்பத்தோடு ஒட்டாத பணிமேடையை வழங்கல் ஒருநாள் கைவிடக்கூடும். ஸ்லாக்வேர் 2005-இல் க்னோமை விலக்கியது. லினக்ஸ் மின்ட் 18.3-க்குப் பிறகு தன் கேடிஈ பதிப்பை நிறுத்திக்கொண்டது. ரெட் ஹாட் தன் வணிகப் பதிப்பிலிருந்து, 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பில், கேடிஈயை எடுத்துவிட்டது. இவற்றில் எதுவும் சதி அல்ல, எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கப் போதிய கைகள் இல்லை. ஆனால் பழகிய பயனருக்கு வீடு மாறும் அலைச்சல்தான் மிச்சம்.

பணிமேடைக்கேற்ற வழங்கல்

க்னோம்: ஒரு நேரத்தில் ஒரு வேலை, கண்ணை உறுத்தாத திரை என்று விரும்புபவர்களுக்கு. இயல்பு நிலையில் சாளரத்தில் மூடும் பொத்தான் மட்டுமே இருக்கும். விசைப்பலகையாலும் தொடுதளத்தாலும் சாளரங்களுக்கிடையே தாவப் பழகிக்கொள்ள வேண்டும். க்னோம் குழுவினர் நினைத்த வடிவிலேயே ஏறத்தாழ மாற்றமின்றிப் பார்க்க வேண்டுமென்றால் ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன். சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று மாத அளவில் ஆதரவு. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மேம்படுத்தும் பொறுமை தேவை. பக்கப்பட்டையும் வழக்கமான பொத்தான்களும் வேண்டும், ஐந்து ஆண்டு தொந்தரவும் வேண்டாம் என்றால் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு.

கேடிஈ பிளாஸ்மா: விண்டோஸ் பழக்கத்துக்கு நெருக்கமான அமைப்பு, ஆனால் ஒவ்வொரு திருகையும் நாமே திருகிக்கொள்ளலாம். பட்டையை மேலே வைக்கலாம், பக்கத்தில் வைக்கலாம், இரண்டாகவும் வைக்கலாம். 2024 பிப்ரவரியில் ஆறாம் தலைமுறை வந்தது. ஃபெடோராவில் நெடுங்காலம் துணைப்பதிப்பாக இருந்த கேடிஈ, 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42-இல் க்னோமுக்கு இணையான முதன்மைப் பதிப்பாக உயர்த்தப்பட்டது. இன்று பிளாஸ்மாவைத் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே இருப்பது பிடிக்கும் என்றால் ஓப்பன்சூசே டம்பிள்வீட். சூசேக்கும் கேடிஈக்கும் உறவு பழையது. உபுண்டு பழகியவர்களுக்கு 2005 முதல் குபுண்டு இருக்கிறது. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியும் தன் பணிமேடை முறையில் பிளாஸ்மாவையே பயன்படுத்துகிறது.

சின்னமன்: கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், சாளரத்தில் மூன்று பொத்தான்கள். புதிதாகக் கற்க ஏதுமில்லை என்பதே இதன் பெருமை. இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம், லினக்ஸ் மின்ட். சின்னமனை உருவாக்குபவர்களே மின்ட் குழுவினர்தான். 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்கிறார்கள் மின்ட் குழுவினர். பழைய க்னோம் 2 மேல் ஏக்கம் உள்ளவர்களுக்கு மின்ட்டிலேயே மாத்தே பதிப்பும் இருக்கிறது.

எக்ஸ்எஃப்சிஈ: 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கியது. பத்தாண்டுக்கு முன் பார்த்தவர் இன்று பார்த்தாலும் வழி தவறமாட்டார். நினைவகம் குறைந்த கணினிகளுக்கு ஏற்றது. டெபியன், சுபுண்டு, மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, இதையே முதன்மையாகக் கொண்ட எம்எக்ஸ் லினக்ஸ் ஆகியவற்றில் எதுவும் பொருந்தும்.

எல்எக்ஸ்க்யூட்டி: எக்ஸ்எஃப்சிஈயைப் போலவே இலகுவானது, ஆனால் க்யூட்டி குடும்பம். லுபுண்டு 18.10 முதல் இதைத்தான் தருகிறது. ஓர் எச்சரிக்கை: பணிமேடை எவ்வளவு இலகுவாக இருந்தாலும் உலாவியில் பத்துத் தாள்களைத் திறந்தால் நினைவகத்தை உலாவிதான் தின்னும். 2 ஜிபி கணினியை எந்தப் பணிமேடையும் இளமையாக்கிவிடாது. 32-பிட் கணினி என்றால் வழி இன்னும் குறுகல். டெபியனே 13-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் பிசிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது.

சாளரங்களைத் தரையோடு போல அடுக்கும் ஐ3, ஸ்வே போன்றவற்றை நாடுபவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஆர்ச் லினக்ஸை நிறுவிவிட்டுத்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது

நம்மில் பலருக்கு இதுதான் முக்கியமான உரைகல். தமிழ் எழுத்துகளைத் திரையில் காட்டுவதில் இன்று ஜிடிகே, க்யூட்டி இரண்டுக்கும் குறையில்லை. இரண்டுமே ஹார்ஃபஸ் என்ற ஒரே எழுத்துவடிவ இயந்திரத்தைச் சார்ந்தவை. லோஹித், நோட்டோ எழுத்துருக்கள் எல்லா வழங்கல்களிலும் கிடைக்கின்றன. வேறுபாடு உள்ளீட்டில்தான்.

அமைப்புகளில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கும்போது "தமிழ்நெட் 99" என்ற பெயரைப் பார்த்ததும் பலர் அதைத் தேர்ந்துவிடுவார்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற எளிய வரைபடம். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழுவது போன்ற தமிழ்99-இன் விதிகள் அதில் நடக்காது. அதற்கு எம்17என் என்ற நிரலகத்தின் தமிழ்99 வேண்டும். ஒலியியல் முறையில் அடிப்பவர்களுக்கும் அதே நிரலகம்தான்.

இந்த நிரலகத்தைப் பணிமேடையோடு இணைப்பவை ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் என்ற இரண்டு பாலங்கள். க்னோமில் ஐபஸ் உள்ளேயே பிணைக்கப்பட்டிருக்கிறது. ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். வேலண்ட் மீது இயங்கும் பிளாஸ்மாவில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 நன்றாகப் பொருந்துகிறது. நிறுவிய பிறகு, கணினி அமைப்புகளில் மெய்நிகர் விசைப்பலகை என்ற இடத்தில் அதைத் தேர்வு செய்ய வேண்டும். திரையில் தோன்றும் விசைப்பலகைக்கான இடம் என்று எண்ணிப் பலர் அதைக் கடந்துபோய்விடுவார்கள். மின்ட்டில் உள்ளீட்டு முறைக்கென்றே தனிச் செயலி இருக்கிறது. ஒரே கணினியில் இரண்டு பணிமேடைகளை வைத்து இரண்டு பாலங்களையும் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை மாமாவைக் கேட்டால் சொல்வார்.

எக்ஸிலிருந்து வேலண்டுக்கு மாறும் காலம் இது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, எக்ஸ் அமர்வை இயல்பாக அணைத்தே வந்தது. சின்னமனில் 2024 ஜனவரியின் மின்ட் 21.3-இலும், எக்ஸ்எஃப்சிஈயில் 4.20-இலும் வேலண்ட் சோதனை நிலையில் நுழைந்தது. ஆகவே பழைய வழிகாட்டிகளைப் பார்த்துத் தமிழ் உள்ளீட்டை அமைக்குமுன், உங்கள் அமர்வு எக்ஸா வேலண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுவுவதற்கு முன்

வென்டாய் என்ற கருவியை ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றினால், மூன்று நான்கு வழங்கல்களின் பிம்பக் கோப்புகளை அதிலேயே வைத்து, வன்தட்டைத் தொடாமல் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கலாம். பார்க்க வேண்டியவை: வைஃபை கிடைக்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, ஒலியும் கேமராவும் வேலை செய்கின்றனவா, தமிழில் ஒரு பத்தி அடிக்க முடிகிறதா. பயன்படுத்தப்போவது யாரோ அவரே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கக் கூடாது.

பிடித்த பணிமேடை முடிவான பிறகு, அதை இயல்பாகக் கொண்ட வழங்கலைப் புதிதாக நிறுவுங்கள். ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்ற வேண்டாம். பழைய கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முன்புள்ளி வைத்த பழைய அமைப்புக் கோப்புகளை மட்டும் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மாமாவிடம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பணிமேடைகளைக் குச்சியில் போட்டு எடுத்துப் போனேன். நான் சமையலறையில் அத்தையோடு பேசிக்கொண்டிருந்தேன். க்னோமில் ஐந்து நிமிடம், பிளாஸ்மாவில் பத்து நிமிடம் இருந்திருப்பார். சின்னமனில் இருந்தபோது, தட்டும் ஓசை நிற்காமல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தாத்தாவின் நாட்குறிப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டிருந்தார். "இது பரவாயில்லைடா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் அதுவரை அடித்ததைச் சேமித்துக்கொண்ட பிறகுதான் கணினியை நிறுவலுக்குக் கேட்டு வாங்க முடிந்தது.